ஒற்றைத் தும்மலும் ஒரு மேல்தாடையும்

தம்பிகளா, தங்கைகளா, உங்களில் யார் என்னைப் பார்க்க வந்தாலும் ஒரே கேள்விதான். மேல்தாடையில் எலும்பே இல்லாதவர்களுக்கு எப்படி எலும்பு கட்டினீர்கள் சார், எந்தக் கருவி, எந்தப் பொடி? அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் மேஜையில் இருக்கும் சாமான்களில் பாதியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. அதனால் கருவியை விட்டுவிடுவோம். நான் ஒரு தும்மலைப் பற்றிச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள், எனக்கு அன்றைக்கு வரவில்லை.

குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருந்த அர்த்தநாரி என்பவர் சேலத்தில் என் பல் கிளினிக்குக்கு வந்தார். தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே வாழ்ந்தவர், எதையும் கத்தித்தான் சொல்வார். வெளி ஹாலில் நின்று அவர் "வணக்கமுங்க" என்றால், உள்ளே நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் நோயாளியும் பதிலுக்கு வணக்கம் சொல்லப் பார்ப்பார். மேல்வரிசையில் இடதுபக்கக் கடைவாய்ப் பற்கள் எல்லாம் போய் வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

"இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"தட்டுவடை செட்டுங்க டாக்டர். சேலத்துக்கு வந்துட்டு அதைத் தண்ணியில ஊறவெச்சுத் திங்கற மனுசன் நான் ஒருத்தன்தானுங்க. கடைக்காரனே மூஞ்சியத் திருப்பிக்கறான். கடிச்சுத் திங்கோணுமுங்க. நொறுக்குனு சத்தம் கேக்கோணும்."

நியாயமான ஆசை. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அங்கே எலும்பு காகித அட்டை கனத்தில் இருந்தது. பல் போன இடத்தில் எலும்பு கீழிருந்து தேயும், கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் என்ற காற்றறை மேலிருந்து இறங்கும். செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகாணியை இறக்க மரம் வேண்டுமே, அட்டையில் எங்கே இறக்குவது? ஆகவே பக்கவாட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் திறந்து, அந்த அறையின் சவ்வை மெதுவாக மேலே தூக்கி, அடியில் எலும்புப் பொடியை நிரப்பித் தைத்துவிட்டு, அரை வருஷம் காத்திருக்க வேண்டும். அந்தச் சவ்வு, அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒரு மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டு வருமே, அந்தக் கனம்தான். நாமக்கல் பக்கத்து நோயாளிகளுக்கு நான் இதற்குமேல் விளக்கியதே இல்லை, உடனே தலையாட்டுவார்கள்.

அர்த்தநாரி தலையாட்டவில்லை. "எலும்புப் பொடின்னா, யாரு எலும்புங்க?" என்றார்.

மாட்டு எலும்பிலிருந்து எடுத்ததும் உண்டு, செயற்கையாகச் செய்ததும் உண்டு, எது வேண்டுமோ நீங்களே சொல்லலாம் என்றேன். மாடு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். செயற்கை என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

"செயற்கைன்னா பாலியஸ்டர் மாதிரிங்களா? காட்டன் இல்லீங்களா?"

"உங்க தாடையிலருந்தே கொஞ்சம் சுரண்டி அதோட கலந்து வைப்பேன்."

"அப்படிச் சொல்லுங்க. நீளத்துல பாவு நூல் பாலியஸ்டர், குறுக்கால ஊடை நூல் காட்டன். நாங்க ஓட்டறதே அதுதானுங்க, நல்லா உழைக்கும்" என்று ஒப்புக்கொண்டார். எத்தனையோ மாநாட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

அவர் எழுந்து கிளம்பும் நேரத்தில்தான் அந்தக் காரியம் நடந்தது. பஞ்சுத் தூசியிலேயே வளர்ந்த மூக்கு, தும்மல் வந்தது. மனிதர் அசையவில்லை. மூக்கை இரண்டு விரலால் பிடித்தார், வாயை இறுக மூடினார். முகம் சிவந்தது, காது இரண்டும் லேசாக அசைந்தன, தோள் ஒரு முறை குலுங்கியது. அவ்வளவுதான். சின்னச் சத்தம்கூட இல்லை.

"எப்படீங்க?" என்றார் பெருமையாக. "நூல் வாங்கப் போற எடத்துல, கோயில்ல, யாராச்சும் ஊட்டை விட்டுக் கெளம்பற நேரத்துல ஒத்தத் தும்மல் போட்டா ஆவாதுங்களே. சின்னதுலருந்தே அமுக்கிப் பழகீட்டேன். எங்க ஊர்ல என்னாட்டம் அமுக்கறதுக்கு ஆளில்லீங்க."

உங்களுக்குத் தெரியும். சைனஸ் வேலை முடிந்த முதல் இரண்டு வாரம், மூக்கைச் சிந்தக்கூடாது, உறிஞ்சுகுழல் போட்டுக் குடிக்கக்கூடாது, பலூன் ஊதக்கூடாது, தும்மல் வந்தால் வாயை நன்றாகத் திறந்து வெளியே விட வேண்டும். அமுக்கினால் அத்தனை காற்றும் சைனஸுக்குள் போய் இடிக்கும். சவ்வு கிழிந்தால் போட்ட பொடியெல்லாம் மூக்கு வழியாக வந்துவிடும். இந்தத் தாலுகாவிலேயே தும்மலை அமுக்குவதில் முதல் ஆள் என் நாற்காலியில் உட்கார்ந்து சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வேலை நன்றாகவே முடிந்தது. சவ்வு கிழியவில்லை. அதன்பிறகு அவருக்கு வாய் திறந்து தும்மச் சொல்லிக்கொடுத்தேன். சிரிக்காதீர்கள், அறுவைச் சிகிச்சையைவிட அதற்குத்தான் அதிக நேரம் ஆனது. நான் கண்ணாடி முன்னால் நின்று "ஆ... ச்" என்பேன், அவர் "ஆ" என்று தொடங்குவார், "ச்" வரும்போது கை தானாக மூக்குக்குப் போய்விடும். அவர் மனைவி பூங்கொடி பக்கத்தில் நின்று கையைத் தட்டித் தட்டிவிட்டார்.

"ஏனுங்க டாக்டர், இவரு நெசமாலுமே வாயத் தொறந்து தும்முனா பக்கத்துத் தறியெல்லாம் நின்னுருமுங்க" என்றார் பூங்கொடி. அலர்ஜி மாத்திரை கொடுத்தேன், தறிக்கூடத்துப் பக்கமே போகக்கூடாது என்றேன். மாத்திரை தும்மலைக் குறைத்தது, நிறுத்தவில்லை.

இரண்டாவது வாரம் தொடங்கியிருந்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்தேன், போன் வந்தது. அவர்கள் மகள் திவ்யா. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம் என்றாள். என்னிடம் யாரும் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை அதே ஆபீஸ் பையன், ராசிபுரத்துக்காரன். ஊருக்கு இது பெரியவர்கள் பார்த்த சம்பந்தம், அவர்கள் இருவருக்கும் வேறு கதை. பையனுக்கு அப்பா இல்லை, எல்லாம் பெரியப்பா சொல்வதுதான். பெரியப்பாவுக்குச் சகுனம் என்றால் உயிர். முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது, வாசலில் கால் வைக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டில் யாரோ ஒற்றைத் தும்மல் போட, காப்பி கூடக் குடிக்காமல் வந்த காரிலேயே திரும்பிப் போய்விட்டார். அவரைச் சமாதானப்படுத்தி மறுபடி வரவழைக்க இந்தப் பிள்ளைகள் ஒரு வருஷம் படாத பாடு பட்டிருக்கிறார்கள். இந்த முறையும் சகுனம் தடுத்தால் இனி அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறாராம்.

"அங்கிள், தட்டு மாத்தற நேரத்துல அப்பா தும்முனா என் கல்யாணம் போச்சுங்க. அமுக்குனா அப்பா எலும்பு போச்சுங்க. அப்பா என்ன சொல்றாரு தெரியுங்களா? எலும்பு போனாப் போவுது சாமி, நான் அமுக்கிக்கறேங்கறாரு. எனக்கு அழுகையா வருதுங்க. நான் என்ன பண்றது?"

"ரெண்டும் போகாது. நான் வரேன்" என்றேன். போனை வைத்த பிறகுதான், போய் நான் என்ன செய்வேன் என்ற யோசனையே வந்தது.

ஞாயிறு காலை நான் குமாரபாளையத்து மண்டபத்துக்குப் போனபோது பூங்கொடி வாசலில் நின்றிருந்தார். முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு வந்த சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் குழாயடிக்கு அனுப்பி முகம் கழுவ வைத்துக்கொண்டிருந்தார். ஊதுபத்தி இல்லை, சாம்பிராணி இல்லை, மல்லிகைப்பூவுக்குப் பதிலாக வாசமில்லாத ஏதோ ஒரு பூ. அவருடைய நாத்தனார்களில் ஒருவர் "நிச்சயத்துக்கு வந்தமா, கொரானா ஆஸ்பத்திரிக்கு வந்தமா?" என்று கேட்டுக்கொண்டே முகத்தைத் துடைத்தார்.

எல்லாம் சரியாகத்தான் போனது. சேலத்து டாக்டர் என்று என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பெரியப்பா உயரமான மனிதர், நல்ல பட்டு வேட்டி, யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. மேடையில் ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து நிச்சயப் பத்திரிகையை வாசித்தார். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அர்த்தநாரி இந்தப் பக்கம், பெரியப்பா அந்தப் பக்கம். நான் பெருமூச்சு விட்ட அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் மேடையேறி, தாங்கள் கொண்டுவந்த சீர்த்தட்டிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் சாம்பிராணியை எடுத்துக் கொளுத்தி இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுச் சாம்பிராணி, யார் போய் அணைப்பது?

அர்த்தநாரியின் மூக்கு துடித்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். பிறகு இரண்டு கையிலும் இருந்த தட்டை மெதுவாக இடது கைக்கு மாற்றினார். எனக்குப் புரிந்துவிட்டது. வலது கை மேலே வந்துகொண்டிருந்தது.

தம்பிகளா, அந்த இடத்தில் யோசிக்க நேரம் கிடையாது. டாக்டராகப் போனவன் டாக்டராகத்தான் கத்த முடியும். நான் எழுந்து நின்று, அவர் தறிக்கூடத்தில் கத்துவதைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

"அர்த்தநாரி! மூக்கை விடுங்க! வாயைத் திறங்க!"

கண்ணாடி முன்னால் எத்தனையோ தடவை கேட்ட குரல். கை நின்றது, வாய் திறந்தது. சின்ன வயதிலிருந்து அமுக்கி வைத்த தும்மல் அத்தனையும் சேர்ந்து ஒன்றாக வெளியே வந்தது. பக்கத்திலேயே மைக் இருந்தது. தட்டிலிருந்த வெற்றிலை இரண்டு பறந்து போய் மாப்பிள்ளையின் மடியில் விழுந்தன. வெளியே மரத்தில் இருந்த காக்கையெல்லாம் எழும்பின. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானியில் ஸ்பீக்கர் சத்தம் கேட்டு இங்கே என்ன விசேஷம் என்று விசாரித்தார்களாம், பிறகு சொன்னார்கள்.

பெரியப்பா தன் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒத்தத் தும்மல்" என்றார்.

திவ்யா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நம்பி வரச்சொன்ன ஆளைப் பார்க்கிற பார்வை அது. ஒரு எலும்புக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்றுதான் நினைத்தேன். இதை மட்டும் நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அப்போது பூங்கொடி மேடைக்கு ஓடிவந்தார். "இருங்க, இருங்க! எங்க ஊட்டுக்காரருக்கு எப்பவுமே சோடியாத்தானுங்க வரும்! இன்னொண்ணு இருக்குது!" முழுப் பொய். ஆனால் ரெட்டைத் தும்மல் என்றால் நல்ல சகுனம், அதைப் பெரியப்பாவாலும் மறுக்க முடியாது. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். "சரி, வரட்டும்."

மண்டபமே அர்த்தநாரியின் மூக்கைப் பார்த்தது. மனிதர் சாம்பிராணிக்கு மேலே குனிந்து குனிந்து முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்ததே ஒழியத் தும்மல் வரவில்லை. ஆயுசு முழுக்கக் கூப்பிடாமலே வந்த விருந்தாளி, கூப்பிட்ட அன்றைக்கு வரமாட்டேன் என்றது. பெண் வீட்டார் எல்லாரும் தறிக்காரர்கள், யார் சட்டைப்பையில் கை விட்டாலும் நூல் இருக்கும். ஆளுக்கொரு திரியாகத் திரித்து அவரவர் மூக்கில் விட்டுக்கொண்டார்கள். முன்வரிசையில் நானும் ஒரு திரியை வாங்கி விட்டுக்கொண்டேன். பல் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு படித்தவன் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

பெரியப்பா ஒவ்வொன்றாகத் தீர்ப்புச் சொன்னார். "இது இருமல்." "இது செருமல்." சித்தப்பா ஒருவர் உயிரைக் கொடுத்து ஒரு "ஹச்" போட்டார். பெரியப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இது செயற்கை. செல்லாது."

அர்த்தநாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏனுங்க பெரியவரே, எம்பட வாய்க்குள்ள இருக்கற எலும்பே செயற்கைதானுங்க! அது செல்லும்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு, தும்மல் செல்லாதுங்களா?"

"எலும்பு வேற, சகுனம் வேற" என்றார் பெரியப்பா. சொல்லிக்கொண்டே தன் தட்டைக் கீழே வைக்க ஓர் அடி முன்னால் வந்தார். சாம்பிராணிப் புகை நேராக அவர் முகத்துக்கு ஏறியது.

முதலில் மீசை ஆடியது. பிறகு மூக்கு விரிந்தது. அவர் முகத்தில் வந்த பயத்தை நான் முன்வரிசையிலிருந்து நன்றாகவே பார்த்தேன். சகுனம் பார்க்கிறவர் அல்லவா, அவரும் அமுக்கிப் பழகியவர்தான். தட்டு இடுப்புக்குப் போனது, வலது கை மூக்கை நோக்கிக் கிளம்பியது, முகம் சிவந்தது, காதுகூட அசைய ஆரம்பித்தது.

இதுவரை "பெரியவரே, பெரியவரே" என்று நடுங்கிக்கொண்டிருந்த அர்த்தநாரி, தன்னை மறந்து, மைக்கும் பக்கத்தில் இருக்க, தறிக்கூடத்துக் குரலில் கத்தினார்.

"சம்பந்தீ! மூக்க உடுங்க! வாயத் தொறங்க! எலும்பு போயிருமுங்க!"

பெரியப்பா பயந்துபோய் வாயைத் திறந்துவிட்டார். அடுத்த கணம் மிச்சமிருந்த வெற்றிலையும் பறந்தது.

பிறகு பூங்கொடி கையைத் தட்டி, "ரெட்டைங்க! ரெட்டை!" என்று கத்தினார். நாத்தனார்கள் குலவை போட்டார்கள். பெரியப்பா துண்டால் மூக்கைத் துடைத்தபடி கணக்குப் போட்டார். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. அவர் தும்மல் செயற்கை என்று அவராலேயே சொல்ல முடியாது. சாம்பிராணியோ அவர் வீட்டுது.

"பொண்ணு ஊட்டுல ஒண்ணு, பையன் ஊட்டுல ஒண்ணு" என்றார் கடைசியில். "இப்படி ஒரு சகுனத்தை நான் பாத்ததே இல்ல. தட்ட மாத்துங்க."

தட்டு மாறியதும் நான் அர்த்தநாரியைச் சாப்பாட்டு ஹாலின் மூலைக்கு இழுத்துப் போய், போன் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். தையல் அப்படியே இருந்தது. மூக்கில் ஒரு பொடிகூட வரவில்லை. நான் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். திவ்யா ஒரு இலை நிறையப் பலகாரம் கொண்டுவந்து வைத்தாள், நானும் ஒன்று விடாமல் சாப்பிட்டேன்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அறிவுரைத் தாளை நோயாளியின் கையில் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். தும்மினால் வாயைத் திற என்று அதில் அச்சடித்திருக்கிறது. எந்த இடத்தில், யார் முன்னால் திறக்க வேண்டியிருக்கும் என்று அச்சடிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் கத்தியை எடுக்கும் முன் எல்லாரிடமும் ஒன்று கேட்டுவிடுவேன். அடுத்த ரெண்டு வாரத்தில் உங்கள் வீட்டில் என்ன விசேஷம்? ஒருத்தர் கோயிலில் சங்கு ஊதுகிறவர் என்று அப்படித்தான் தெரிந்தது, இன்னொருத்தருக்குப் பேரன் பிறந்தநாள், பலூன் ஊதுவது அவர் பொறுப்பு. நீங்களும் கேளுங்கள். ஸ்கேனில் அது தெரியாது.

அரை வருஷம் கழித்து ஸ்கேன் எடுத்தோம். அட்டை இருந்த இடத்தில் மரம் நின்றது. திவ்யாவின் கல்யாணம் அதற்குள் முடிந்திருந்தது. இம்பிளாண்ட் என்ற அந்தத் திருகாணியை இறக்கும் நாளில் அர்த்தநாரியோடு துணைக்கு வந்தவர் யார் என்கிறீர்கள்? பெரியப்பா. அவருக்கும் மேல்வரிசையில் கடைவாய்ப் பல் இல்லையாம். சம்பந்திக்கு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுத் தானும் செய்துகொள்வதாகச் சொல்லி, கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. எல்லாம் தயார். நான் டிரில்லை அர்த்தநாரியின் வாய்க்கு அருகில் கொண்டுபோன நேரம், என் உதவிக்கு நின்ற நர்ஸ் மாஸ்குக்குள் ஒரே ஒரு தும்மல் போட்டாள்.

அர்த்தநாரி கண்ணை விரித்து என்னைப் பார்த்தார். கதவோரத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழுந்து போய்விட்டால் என்னால் தடுக்க முடியாது.

நான் விஞ்ஞானம் படித்தவன். சகுனத்தில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. டிரில்லைக் கீழே வைத்தேன், அந்தப் பக்கமாகத் திரும்பினேன், நல்ல சத்தமாக ஒன்று போட்டேன்.

பெரியப்பா மறுபடி உட்கார்ந்தார். "டாக்டர் வாயத் தொறந்துதான் போட்டாருங்க சம்பந்தி," என்றார், "செல்லும்."